கொம்பியின் உயரம்



போன கிழமை எங்கள் வொக்ஸ்வேகன் கொம்பியின் படத்தைப் போட்டதிலிருந்து இரண்டு வகையான கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. ஊர்ப் பொடியன்மார் கேட்பது: "சேர், எவ்வளவு பதிச்சீங்க, எங்க செஞ்சீங்க?" பெரியவர்கள் கேட்பது: "அந்த வேன் ஏன் மூன்று மாதமாக ஓடாமல் கிடந்தது?" இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறோம். நீளமாக வரும். வாகனக் கதை பிடிக்காதவர்கள் கடந்து போகலாம், கோபமில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேனைப் பதித்தது நாங்கள் அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வேன்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். 2021 இல் நானா வீடு, தாத்தா வீடு, எங்கள் வீடு என்று மூன்று வீட்டாரும் சேர்ந்து வாங்கக்கூடியதாகக் கிடைத்தது இந்த 1974 ஆம் ஆண்டுக் கொம்பி. அது வரும்போதே நிலத்தோடு ஒட்டினாற்போலத்தான் வந்தது. முன்பு வைத்திருந்தவர் அழகுக்காகச் செய்த வேலை. தாத்தாவின் மகனுக்கு அந்தத் தோற்றம்தான் உயிர். எங்களுக்கு அதில் பெரிய ஆசை இல்லை, ஆனால் ஒரு நன்மை இருந்தது: முழங்கால் வருத்தமுள்ள உம்மாவுக்கு அந்த வேனில் ஏறலாம். வேறு எந்த வேனுக்கும் அவவை இரண்டு பேர் தூக்கி ஏற்ற வேண்டும். கொம்பியின் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தால் அவவே கைப்பிடியைப் பிடித்துக் காலை வைத்து உள்ளே போய் இருந்துகொள்வா. மாவனல்லையிலிருந்து பேராதனை கிளினிக்குக்கு மாதம் ஒருமுறை போய்வர வேண்டிய ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை.

எனவே இந்த வேனின் உயரம் எங்கள் வீட்டில் ஒரு வழக்காகவே இருந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

இந்த வேனைத் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். கொம்பிக்கு எஞ்சின் பின்னால். கியர் பொக்ஸும் எஞ்சினோடு சேர்ந்து பின்னால்தான். ஆகவே ஹையேஸ் மாதிரி வேனின் நீளத்துக்கு ஓடும் புரொப்பலர் ஷாஃப்ட் இதில் இல்லை. படத்துக்குக் கீழே ஒரு சகோதரர் "சென்டர் பேரிங்கை மாற்றிப் பாருங்கள்" என்று எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில் எழுதியது, ஆனால் இதில் மாற்றுவதற்கு அப்படி ஒரு பேரிங் கிடையாது. கியர் பொக்ஸின் இரண்டு பக்கமும் ஒரு முழம் அளவான தண்டு ஒவ்வொன்று சக்கரத்துக்குப் போகிறது. ஒவ்வொரு தண்டின் இரண்டு முனையிலும் ஒரு சீவி ஜொயின்ட். மொத்தம் 4. ஒவ்வொன்றுக்குள்ளும் 6 உருக்குக் குண்டுகள், வெளியே 6 போல்ட். 1967 ஓகஸ்டில் இந்த மாதிரி வந்ததிலிருந்து இந்த அமைப்புத்தான். அதற்கு முந்திய, முன் கண்ணாடி இரண்டாகப் பிரிந்த கொம்பியில் பின் எக்ஸல் வேறு விதம். அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

கியர் பொக்ஸ் வேனின் உடலோடு பொருத்தப்பட்டது, அசையாது. சக்கரம் ஒரு கையில் தொங்கிக்கொண்டு மேலும் கீழும் போய்வருவது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது அந்தத் தண்டு. வேனை 3 அங்குலம் பதித்தால் உடல் 3 அங்குலம் கீழே வருகிறது, சக்கரம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. அப்படியென்றால் கியர் பொக்ஸின் கணக்கில் சக்கரம் 3 அங்குலம் மேலே போய்விட்டது. தண்டு சரிந்து நிற்கிறது. 40 சென்றிமீற்றர் நீளமான தண்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு முனை 7 சென்றிமீற்றர் உயரும்போது சரிவு ஏறத்தாழ 10 பாகை. 11 ஆம் வகுப்புப் பிள்ளைகள் சைன் அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். இது வேன் சும்மா நிற்கும்போது. குழியில் விழுந்தால் சக்கரம் இன்னும் மேலே போகும், சரிவு இன்னும் கூடும். ஜொயின்டுக்கு அதற்கென்று ஓர் எல்லை இருக்கிறது. எல்லையில் குண்டுகள் தம் பாதையின் விளிம்பில் ஏறி உரசும்.

எங்கள் வேன் முதல் இரண்டரை வருடத்தில் 3 முறை பூட் கிழித்தது, 2 ஜொயின்டை விழுங்கியது. பூட் என்றால் ஜொயின்டை மூடியிருக்கும் அந்த இறப்பர் உறை. சரிந்த தண்டில் உறையின் ஒரு பக்கம் இழுபடும், மற்றப் பக்கம் மடிந்து நசுங்கும். ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டு மடிந்து இழுபட்டு மடிந்து கடைசியில் மடிப்பில் கிழியும். கிழிந்ததும் கிரீஸ் வெளியே சுழன்று அடிக்கும். சக்கரத்தின் உட்பக்கத்திலும் வேனின் அடித்தகட்டிலும் கறுப்புக் கோடு ஒன்று வளைவாக விழுந்திருந்தால் வேறு சோதனை தேவையில்லை. கிரீஸ் போன இடத்துக்கு மண்ணும் தண்ணீரும் வரும். எங்கள் ஊர் மழைக்கு ஒரு மாதம் போதும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு வீணாவது இங்கேதான். முன் சக்கரம் இழுக்கும் கார்களில் ஜொயின்ட் போனால் திருப்பும்போது 'டக் டக்' என்று கேட்கும். அந்தப் பழக்கத்தில் கொம்பியையும் வளைத்து வளைத்து ஓட்டிப் பார்த்து "திருப்பத்தில் சத்தமில்லை, ஜொயின்ட் நல்லம்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். கொம்பியில் பின் சக்கரம் திரும்புவதில்லையே. இதில் சத்தம் வருவது கிளட்சை விடும்போதும் அக்ஸலேட்டரை மிதித்து எடுக்கும்போதும். 'டொக்' என்று ஒரு அடி. ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போது அது தொடர்ச்சியாகக் கேட்கும்.

ஆனால் அதே அடி எக்ஸல் நட்டு தளர்ந்தாலும் வரும், கியர் பொக்ஸ் தாங்கி இறப்பர் போனாலும் வரும், ஷொக் அப்சோபரின் புஷ் தேய்ந்தாலும் வரும். பிரித்துப் பார்க்கும் முறை லேசானது. சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜெக்கால் உயர்த்தி, ஸ்டாண்டில் இறக்கிவிட்டு (ஜெக்கை நம்பி யாரும் கீழே போகக் கூடாது, கல்லையும் நம்பக் கூடாது), கியரில் போட்டுவிட்டுத் தண்டைக் கையால் முன்னும் பின்னும் திருக வேண்டும். கியர் பொக்ஸுக்குள் இயல்பாகவே கொஞ்சம் விளையாட்டு இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஒரு கை தண்டிலும் மறு கை ஜொயின்டின் வெளிக் கூட்டிலும் இருக்கட்டும். இரண்டும் ஒன்றாக அசைந்தால் ஜொயின்ட் சரி. தண்டு அசைந்து கூடு நின்றால் ஜொயின்ட் முடிந்தது.

இன்னொரு சத்தம் எங்களை மாதக்கணக்கில் சுற்றவிட்டது. 50 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் ஓர் 'ஊ' என்ற இரைச்சல். பார்த்தவர்கள் எல்லோரும் வீல் பேரிங் என்றார்கள். நானா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பின் டயர் இரண்டையும் முன்னுக்கும் முன் டயரைப் பின்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். இரைச்சல் முன்னுக்கு வந்துவிட்டது! பேரிங் இடம் மாறாதல்லவா. பதித்த கொம்பியில் பின் சக்கரங்களின் தலை உள்ளே சாய்ந்து நிற்கும். டயரின் உள் விளிம்பு மட்டும் வாள்பல் மாதிரித் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதுபோலத் தெரியும், குனிந்து உள்பக்கம் பார்த்தால் கம்பி தெரியும். பேரிங் வாங்கும் காசு மிஞ்சியது.

இனி அந்த மூன்று மாதம்.

உம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவ ஏற்றத்தில் போகும்போது, கல் துளைக்கு இன்னும் இரண்டு வளைவு இருக்க, பின்னால் ஒரு அதிர்வு தொடங்கியது. வழமையான 'டொக்' இல்லை. யாரோ சுத்தியலால் தகட்டில் தட்டுவது மாதிரி, சக்கரத்தின் சுற்றோடு சேர்ந்த தட்டல். மருமகன் உடனே ஓரங்கட்டினான். நானா பாயை விரித்துக் கீழே புகுந்து பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஆறு போல்ட்ல மூணு இல்ல. மத்த மூணும் கையால கழருது."

இதில் என்ன ஆபத்து என்று சிலருக்குத் தோன்றலாம், தண்டு கழன்றால் வேன் நிற்கும், அவ்வளவுதானே என்று. ஏற்றத்தில் ஒரு பக்கத் தண்டு கழன்றால் இழுவை முழுவதும் அந்தப் பக்கத்தால் வீணாகச் சுற்றிப் போகும், மற்றச் சக்கரமும் இழுக்காது. கியரில் போட்டால் வேன் நிற்கும் என்ற எண்ணமும் அங்கே பொய்யாகிவிடும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிட்டதே. பிரேக் மட்டும்தான் மிச்சம். இறக்கத்தில் நடந்தால் எஞ்சின் பிடிப்பு ஒரே நொடியில் இல்லாமல் போகும். அது போக, ஒரு முனை கழன்ற தண்டு சுழன்று அடித்தால் கியர் பொக்ஸின் கூட்டை உடைக்கும். அன்று வேனுக்குள் உம்மாவும் பிள்ளைகள் இரண்டு பேரும் இருந்தார்கள்.

உம்மாவையும் பிள்ளைகளையும் அந்த வழியால் வந்த ஊர்க்காரர் ஒருவர் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறோம். மருமகனின் பெட்டியில் சாவி இருந்தது. மற்ற மூன்று ஜொயின்டிலும் ஒவ்வொரு போல்டைக் கழற்றி இங்கே போட்டோம். மொத்தம் 24 இல் 3 போனால் மிச்சம் 21, அதை 6, 5, 5, 5 என்று பங்கிட்டால் வீடு வந்து சேரலாம். சேர்ந்தோம், ஊர்ந்து ஊர்ந்து. இது வீடு வருவதற்கான வழி மட்டும்தான்.

போல்ட் ஏன் கழன்றது? கழற்றிப் பார்த்தபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு முந்திய முறை ஜொயின்ட் மாற்றிய இடத்தில் முகப்புத் தட்டைத் துடைக்காமல் கிரீஸோடு பூட்டியிருக்கிறார்கள். போல்டுக்கு அடியில் இருக்க வேண்டிய வொஷர் பாதியைக் காணவில்லை. போல்ட் தலையின் குழிக்குள் மண் இறுகிக் கிடந்தது. குழியில் மண் இருந்தால் சாவி அடிவரை இறங்காது, இறுக்கியது போலத் தோன்றும், இறுகியிருக்காது. எந்த கராஜ் என்று கேட்க வேண்டாம். ஜொயின்ட் நேராக நிற்கும் வேனில் அந்த வேலையே பல காலம் தாக்குப்பிடித்திருக்கும். எங்கள் வேனில் தண்டு எல்லையில் உரசி உரசி ஒவ்வொரு சுற்றிலும் போல்டை ஆட்டிக்கொண்டிருந்தது.

கம்பளைப் பக்கம் வொக்ஸ்வேகன் வேலையிலேயே முடி நரைத்த ஒரு சிங்களப் பாஸ் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனோம். புதிய ஜொயின்டுக்கு விலை கேட்கத்தான் போனோம். அவரோ விலை சொல்லவில்லை, முதலில் பம்ப் ஸ்டொப்பைப் பாருங்கள் என்றார். பம்ப் ஸ்டொப் என்பது சக்கரத்தின் கை மேலே வந்து இடிக்காமல் தடுக்கும் இறப்பர்க் கட்டை. பாடசாலையில் சின்னப் பிள்ளைகள் உருவம் செய்யும் களியில் ஓர் உருண்டையை அதன் நுனியில் ஒட்டிவிட்டுத் தெருவில் நூறு மீற்றர் ஓட்டி வந்தோம். களி பப்படம் போல் தட்டையாகியிருந்தது. இடது பக்கத்தில் ஓட்டவே தேவையில்லை, வேன் நிற்கும்போதே கை இறப்பரில் இருந்தது. அதாவது இரண்டரை வருடமாக இந்த வேனுக்குப் பின்னால் சஸ்பென்ஷன் என்று ஒன்று இருக்கவில்லை. இறப்பர்க் கட்டையில் துள்ளிக்கொண்டு போயிருக்கிறது. உம்மா "முதுகு நோவுது" என்று சொன்னதெல்லாம் வயதால் வந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

பிறகு உயரம் அளந்தோம். சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரை, இரண்டு பக்கமும். இடது பக்கம் 22 மில்லிமீற்றர் குறைவு.

இதைச் சரிசெய்யும் இடம் ஓர் ஆசிரியருக்கு மிகவும் பிடித்த இடம். பின்னால் சுருள் ஸ்பிரிங் இல்லை, குறுக்கே கிடக்கும் டோர்ஷன் பார் என்ற முறுக்குத் தண்டு. அதன் உள் முனையில் 40 பல், வெளி முனையில் 44 பல். உள்ளே ஒரு பல் திருப்பினால் 9 பாகை. வெளியே ஒரு பல் திருப்பினால் 8.18 பாகை. உள்ளே ஒன்றை ஒரு திசையிலும் வெளியே ஒன்றை எதிர்த் திசையிலும் மாற்றினால் மிஞ்சுவது 0.82 பாகை. ஆய்வுகூடத்தில் நாங்கள் பிள்ளைகளுக்குக் காட்டும் வேர்னியர் இடுக்கிமானியின் அதே தந்திரம்! எங்கள் வேனில் அளந்தபடி அந்த ஒரு படிக்குச் சுமார் 6 மில்லிமீற்றர் உயரம். தச்சர் கணக்கில் பார்த்தால் நூலளவு வேலை. ஆனால் பல் எண்ணாமல் கண் மட்டத்தில் பூட்டினால் 22 மில்லிமீற்றர் கோணலாகத்தான் நிற்கும்.

எவ்வளவு உயர்த்துவது என்பதில்தான் வீட்டில் வழக்கு. பாஸ் சொன்னது பழைய உயரத்துக்கே கொண்டுபோக. நானாவும் அதே கட்சி. மருமகனுக்கு முகம் விழுந்துவிட்டது. "மாமா, இத முழுசா ஒசத்தினா லொறி மாதிரி ஈக்கும்." அவன் சொன்னது தோற்றத்தைப் பற்றி. ஆனால் அவனுக்குத் தெரியாமலே உம்மாவின் வக்கீலாகிவிட்டான். கியர் பொக்ஸையே உயர்த்திப் பூட்டும் வழியும் இருக்கிறது. வெளிநாடுகளில் தரையோடு பதிப்பவர்கள் அப்படிச் செய்கிறார்கள். எங்கள் பைக்கு அது ஆகாது. ஒரு படிக்கட்டை வைத்தால் போதாதா என்று கேட்கலாம். வைத்துப் பார்த்தோம். கிளினிக் வாசல் சரிவில் படி ஆடுகிறது, ஒரு கால் அதிலும் ஒரு கால் வேனிலும் இருக்கும்போது அவ பயந்து நடுங்குகிறா.

கடைசியில் அளவுகோலைத்தான் கேட்டோம். உம்மா கைப்பிடியோடு சிரமமில்லாமல் எவ்வளவு உயரத்துக்குக் காலைத் தூக்குகிறா என்று வீட்டுச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. தண்டின் சரிவு குறைந்து, பம்ப் ஸ்டொப்புக்கும் கைக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளியாவது வர வேனின் தளம் எங்கே நிற்க வேண்டும் என்று இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையில் இரண்டு அங்குலம் குறைய ஒரு வித்தியாசம். அந்த உயரத்துக்கு, வேனின் கதவு அகலம் முழுவதும் வரக்கூடிய கனமான பலகை ஒன்றைத் தச்சரிடம் செய்து எடுத்தோம். அகலமும் பாரமும் இருப்பதால் ஆடாது. உம்மாவிடம் காட்டியபோது சொன்னா: "எனக்கு ஏற ஏலுமா ஈந்தா போதும். மத்ததெல்லாம் நீங்க பாத்துக்கோங்க."

வலது பக்கம் 6 படி உயர்த்தினோம், 36 மில்லிமீற்றர். இடது பக்கத்துக்கு 10 படி. இதில் ஒரு வேடிக்கை: 0.82 ஐப் பத்தால் பெருக்கினால் வெளிப்பல் ஒன்றேதான் வருகிறது. ஆகவே இடது பக்கம் ஒரே ஒரு பல். பத்து நாள் ஓடவிட்டு அளந்தபோது இரண்டு பக்கத்துக்கும் 2 மில்லிமீற்றர்தான் வித்தியாசம். இந்த வேலையை யாரும் வீட்டு முற்றத்தில் செய்து பார்க்க வேண்டாம். ஸ்பிரிங் பிளேட்டை அதன் தாங்கியிலிருந்து விலக்கியதும் முறுக்குத் தண்டின் முழுப் பலத்தோடும் அது கீழே அடிக்கும். விரல் நடுவில் இருந்தால் விரல் போகும். பாஸ் அதைச் சங்கிலியும் ஜெக்கும் போட்டு அடக்கித்தான் இறக்கினார்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் ஷொக் அப்சோபர். 4 பூட்டும் புதிது. போல்ட் 24 உம் வொஷரோடு புதிது, பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் தேடினோம். மொலிப்டினம் கலந்த கறுப்புக் கிரீஸ், வீல் பேரிங் கிரீஸ் அல்ல. முகப்புத் தட்டுகளைத் துடைத்து உலர்த்திய பிறகே பூட்டினோம். பின் சக்கரங்களின் சாய்வையும் நேரையும் பார்த்துச் சரிசெய்தோம்.

ஜொயின்டில் இரண்டுதான் வாங்கினோம். மற்ற இரண்டும் தப்பின. வேன் முன்னோக்கியே ஓடுவதால் குண்டுகள் தம் பாதையின் ஒரு பக்கச் சுவரையே அதிகம் தேய்க்கின்றன. கியர் மாற்றும் இந்த மாதிரியில் இரண்டு தண்டும் ஒரே நீளம் என்பதால் இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் பூட்டலாம். அதிகம் தேயாத சுவர் வேலைக்கு வரும். ஆனால் பாதையில் குழியோ செதிலோ இருந்தால் மாற்றிப் பூட்டுவதில் பயனில்லை, குப்பைதான்.

500 கிலோமீற்றர் ஓடியதும் 24 போல்டையும் திரும்ப இறுக்கிப் பார்த்தோம். நான்கு போல்ட் கொஞ்சம் ஏற்றுக்கொண்டன. இப்போது ஒவ்வொரு போல்டின் தலைக்கும் தட்டுக்கும் குறுக்கே வெள்ளை மையால் ஒரு கோடு இருக்கிறது. கோடு முறிந்தால் போல்ட் அசைந்திருக்கிறது. கிளினிக் நாளுக்கு முதல் நாள் பின்னேரம் டோர்ச் அடித்துப் பார்ப்பது மருமகனின் பொறுப்பு. அவனாகவே கேட்டு எடுத்துக்கொண்டான்.

முன்பக்கம் இன்னும் முடியவில்லை. அங்கே பீமை வெட்டி ஒட்டி உயரத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஒட்டு வேலை உறுதியானதா என்று பாஸ் இன்னும் முடிவு சொல்லவில்லை. போல் ஜொயின்டுகள் தம் சாய்வின் கடைசியில் நின்று இறுகுவதையும் காட்டினார். அந்த முடிவு வரும்வரை வேன் ஊருக்குள்ளும் மெதுவாகவும்தான் ஓடும். கிளினிக்குக்கு இந்த மாதம் மச்சானின் வேனில் போகிறோம், உம்மாவை இரண்டு பேர் தூக்கி.

கழற்றிய பழைய ஜொயின்டில் ஒன்றைக் கழுவித் திறந்து பாடசாலை ஆய்வுகூட மேசையில் வைத்திருக்கிறோம். குண்டு உரசிய இடத்தில் உருக்கு செதில் செதிலாகப் பெயர்ந்திருப்பது விரலுக்கே தெரியும். வேனைப் பதிக்கும் எண்ணத்தில் இருக்கும் பொடியன்மார் கிழமை நாட்களில் 2 மணிக்குப் பிறகு வரலாம். டேப்பும் பாகைமானியும் நாங்கள் தருகிறோம், வேனைக் கொண்டுவந்தால் போதும்.